குடும்பக் காடியின் குதிரைசக்தி: தாப்பா பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தாப்பாவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் இன்றும் செம்பனைத் தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். காடி (கார்) மாற்றும் நேரம் வந்தால் முதலில் இங்கே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். டொயோட்டா வியோஸ், ஹோண்டா சிட்டி, புரோட்டான் சாகா, பெரோடுவா பெசா, நிசான் அல்மேரா என்று நம் வீட்டு வாசல்களில் நிற்கிற காடிகளைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, என் 2007 வியோஸ் 109 குதிரை. புது வியோஸ் 106தானாம். காசு கூட, குதிரை கம்மியா?

கணக்கு சரிதான். 2003, 2007, 2013 என்று மூன்று தலைமுறை வியோஸும் ஒரே எஞ்சினோடு வந்தன. 109 பிஎஸ் (குதிரைசக்தியின் ஓர் அளவு), 142 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்). 2016-இல் எஞ்சினை மாற்றினார்கள், 107 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர் ஆனது. 2023-இல் வந்த புதிய உடம்பில் 106 பிஎஸ், 138 நியூட்டன் மீட்டர். ஆக, இருபது வருடத்தில் மூன்று குதிரை குறைந்திருக்கிறது.

மூன்று குதிரை என்றால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பின்சீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் கூடுதலாக ஏறினால் காடிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இதுவும். உங்கள் காலுக்குத் தெரியாது.

உண்மையில் மாறியது கியர்பாக்ஸ். உங்கள் 2007 காடியில் நாலு கியர் ஓட்டோ (தானியங்கி). ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையில் பெரிய இடைவெளி. மேட்டில் மூன்றாவது கியர் இழுக்காது, இரண்டாவதுக்கு இறங்கினால் எஞ்சின் ஒரேயடியாகக் கத்தும். நடுவில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்திருப்பீர்கள். 2016-க்குப் பிறகு வந்த சிவிடி, அதாவது படி இல்லாமல் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும் கியர்பாக்ஸ், அந்த நடுவை எல்லாம் கொடுக்கிறது. அதனால் 106 குதிரையுள்ள புதுக் காடி, 109 உள்ள பழைய காடியைவிட மேட்டில் தடுமாற்றம் இல்லாமல் ஏறும்.

குதிரைசக்தி வேறு, டார்க் வேறு என்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். ஒருவர் ஒரே தூக்கில் எவ்வளவு பாரம் தூக்குகிறாரோ அது டார்க். மதியத்துக்குள் மொத்தம் எத்தனை குலையைச் சாலையோரம் சேர்த்தாரோ அது குதிரைசக்தி. பெரிய குலையாகத் தூக்கி மெதுவாக நடக்கிறவரும், சின்னக் குலைகளோடு ஓடி ஓடி வருகிறவரும் கடைசியில் ஒரே கணக்கைக் காட்டலாம். ஆனால் பள்ளத்திலிருந்து குலையை மேலே ஏற்ற வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முதல் ஆளைத்தானே.

எஞ்சினில் அந்த ‘ஓட்டம்’ என்பது ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி, ஏறத்தாழ 7,000-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் எத்தனை பிஎஸ் கிடைக்கிறது என்று வந்துவிடும். கைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். புது வியோஸில் 138 நியூட்டன் மீட்டர் 4,200 சுற்றில் கிடைக்கிறது. பெருக்கி வகுத்தால் 83 பிஎஸ். மீதி குதிரைகளைப் பார்க்க 6,000 சுற்றுவரை மிதிக்க வேண்டும். தாப்பா பாசாருக்கு (சந்தைக்கு) போகிறவர் எத்தனை பேர் 6,000 வரை மிதிக்கிறோம்?

அதனால் விளம்பரத் தாளில் ‘106 பிஎஸ்’ என்று பார்த்தால், பக்கத்தில் எந்தச் சுற்றில் என்று எழுதியிருக்கிறதா எனத் தேடுங்கள். டார்க் எந்தச் சுற்றில் என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள். எங்கள் பட்டறையில் காடியைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிஎஸ், எச்பி, கிலோவாட் எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு கிலோவாட் 1.36 பிஎஸ். ஒரு எச்பி ஒரு பிஎஸ்ஸைவிடக் கொஞ்சம் பெரியது: 94 எச்பி என்பதும் 95 பிஎஸ் என்பதும் ஒரே எஞ்சின்தான். இரண்டு காடியை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டா சிட்டி தலைமுறைக்குத் தலைமுறை பலம் கூடியதா?

ஒரு தடவை நன்றாகக் கூடியது, அப்புறம் நின்றுவிட்டது. 2003-இல் வந்த சிட்டியில் இரண்டு வகை எஞ்சின். ஐ-டிஎஸ்ஐ என்பது 88 பிஎஸ், விடெக் 110 பிஎஸ். 2008 கடைசியில் வந்தது 120 பிஎஸ். 2014-இல் வந்ததும் 120. 2020-இல் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இரண்டாகி, 121. டார்க் மூன்றிலும் 145 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அது வந்து சேரும் சுற்று 4,800, 4,600, 4,300 என்று தலைமுறைதோறும் இறங்கி வந்திருக்கிறது. கண்ணில் படாத இந்த மாற்றம்தான் அன்றாட ஓட்டத்துக்கு உதவுவது.

அந்த 88 பிஎஸ் ஐ-டிஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் அது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக நாலு சிலிண்டருக்கு எட்டு. பிளக் மாற்றச் சொல்லிவிட்டு, பில்லில் எட்டு என்று பார்த்ததும் திகைத்தவர்கள் உண்டு. கழற்றி வரிசையாகத் துணிமேல் அடுக்கிக் காட்டுவேன். அந்த எஞ்சினுக்குக் குதிரை கம்மி, ஆனால் 131 நியூட்டன் மீட்டர் 2,700 சுற்றிலேயே வந்துவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக ஊர்ந்து வந்து பெரிய சாலையில் ஏறும்போது அது கொடுக்கும் இழுவையை, அதைவிட அதிகக் குதிரையுள்ள பல காடிகள் கொடுக்கவில்லை. இன்றும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், எண் கம்மி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சாகா?

முதல் சாகா 1985 ஜூலையில் வந்தது. மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டர். அதற்கும் இன்றைய சாகாவுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

ஒப்பிடத் தகுந்தது 2008-க்குப் பிறகுதான். 2008 சாகாவில் புரோட்டானின் சொந்தத் தயாரிப்பான 1.3 கேம்ப்ரோ எஞ்சின், 94 எச்பி, 120 நியூட்டன் மீட்டர். 2016-இல் புது உடம்பு, எஞ்சினில் விவிடி (சுற்றுக்கு ஏற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சேர்ந்தது. எண் அதே 94, அதே 120. 2019-இல் முகத்தை மாற்றினார்கள், எண் மாறவில்லை. மாறிக்கொண்டே இருந்தது கியர்பாக்ஸ். 2008-இல் நாலு கியர் ஓட்டோ, 2011-இல் சிவிடி, 2019-இல் மறுபடியும் நாலு கியர் ஓட்டோ. ஒரே குதிரைக்கு மூன்று சேணம் மாற்றிய மாதிரி. மூன்றையும் ஓட்டிப் பார்த்தவர்கள் மூன்று வேறு காடி என்றே சொல்வார்கள்.

‘கேம்ப்ரோ நடுவில் இழுக்காது’ என்று பெரியவர்கள் சொல்வது எதை என்றால், 2004-இல் வந்த முதல் கேம்ப்ரோவை. 2,500-லிருந்து 3,500 சுற்றுக்குள் டார்க் கொஞ்சம் சரிந்துவிட்டுப் பிறகு எழும்பும். மேட்டில் நமக்கு வேண்டியதும் அதே இடம் என்பதால் நன்றாகவே தெரிந்தது. 2008 சாகாவில் காற்று உள்ளே போகும் குழாயின் அமைப்பை மாற்றி அந்தப் பள்ளத்தை நிரவிவிட்டார்கள். உச்சக் குதிரையை மட்டும் பார்த்தால் இந்தக் கதை தெரியவே தெரியாது.

குடும்பத்தோடு கேமரன் மலை ஏற எத்தனை குதிரை வேண்டும்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நம் ஊரிலிருந்துதானே அந்தப் பழைய மலைப்பாதை தொடங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டர் சொச்சம். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். இடையில் வளைவுகளை எண்ணி முடித்தவர் எவரும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன செடான் 1,100 கிலோ. ஐந்து பேர், துணிமூட்டை, சாப்பாட்டுக் கூடை எல்லாம் சேர்ந்து 1,500 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுகிற மேட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, பாரத்தை மேலே தூக்குவதற்கு மட்டும் 27 பிஎஸ். டயர் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் இன்னும் ஆறு ஏழு. கியர்பாக்ஸில் போவது, ஏர்கோன் (ஏசி) இழுப்பது எல்லாம் சேர்த்து எஞ்சின் 40 பிஎஸ் கொடுத்தால் போதும்.

நாற்பதுதான்! பெசாவின் ஒரு லிட்டர் எஞ்சினுக்குக்கூட 67 எச்பி இருக்கிறது. அப்படியானால் ஏன் திணறுகிறது? சுற்றுதான் காரணம். 1.3 எஞ்சின் ஒன்று 2,000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் கணக்குப்படி 28 பிஎஸ்தான் வரும். நாற்பது வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. காடி சோர்ந்து போகும். அதே எஞ்சின் 3,000 சுற்றில் 110 கொடுத்தால் 47 பிஎஸ், தாராளமாக ஏறும். மேட்டில் எஞ்சினை 3,000-க்கு மேல் வைத்திருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். ஓட்டோ காடியில் டி-யிலேயே விட்டு ஆழமாக மிதிப்பதைவிட, வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுவது நல்லது. எஞ்சின் சத்தம் போடட்டும். 3,000 சுற்றில் எஞ்சின் களைத்துவிடாது. 1,500 சுற்றில் முழுசாக மிதித்து முக்கவைப்பதுதான் அதற்குப் பாரம்.

என் அப்பா பழைய சாகா ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி வைத்திருந்தார். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி தாண்டியதும் ஏர்கோனை அடைத்துவிட்டு நாலு கண்ணாடியையும் இறக்கச் சொல்வார். ஈர மண் வாசனை உள்ளே வரும். முன்னால் காலிக் காய்கறி லாரி ஒன்று கரும்புகையோடு போய்க்கொண்டிருக்கும். அப்பாவின் இடது கை கியர் மேலேயே இருக்கும், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் முன் பெருவிரலால் ஒரு தட்டு தட்டுவார். மீட்டரை அவர் பார்த்ததே இல்லை, அந்தக் காடியில் ஆர்பிஎம் மீட்டரும் கிடையாது. சத்தத்தை வைத்தே எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

மேலே போகப் போக எஞ்சின் இளைக்கிறதாமே?

ஆமாம். காற்று லேசாகிறது. தானா ராத்தா உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் குறையும். சாகாவின் 94, அங்கே 82 போலத்தான் வேலை செய்யும். ஊருக்குத் திரும்பினால் எல்லாக் குதிரையும் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

ஒரு லிட்டர் எஞ்சினில் குடும்பக் காடியா? டர்போ என்று சொல்லி ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை. எண்ணைப் பாருங்கள். பழைய அல்மேரா 1.5 லிட்டர், 102 பிஎஸ், 139 நியூட்டன் மீட்டர் 4,000 சுற்றில். 2020-இல் வந்த அல்மேரா 1.0 லிட்டர் டர்போ, 100 பிஎஸ், 152 நியூட்டன் மீட்டர். அதுவும் 2,400 சுற்றிலேயே. குதிரையில் இரண்டு குறைந்தது, ஆனால் கீழ்ச் சுற்றில் இழுவை கூடியது. மேலே சொன்ன மலைக் கணக்கில் போட்டால் 2,400 சுற்றிலேயே 52 பிஎஸ். கியர் இறக்காமலே ஏறிவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் மலை உச்சியிலும் அவ்வளவாக இளைக்காது.

இன்னொரு லாபம் சாலை வரி. நம் நாட்டில் பெட்ரோல் காடிக்கு வரி குதிரையை வைத்து இல்லை, சிசியை (எஞ்சின் கொள்ளளவை) வைத்துத்தான். தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரை 20 வெள்ளி (ரிங்கிட்), 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. அதற்கு மேல் போனால் ஏறுமுகம்தான். கொஞ்சம் பெரிய காடியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: முந்தைய ஹோண்டா அக்கார்ட் 2.4 லிட்டர், 175 பிஎஸ், வருடத்துக்கு 736 வெள்ளி. 2020-இல் வந்த அக்கார்ட் 1.5 டர்போ, 201 பிஎஸ், 90 வெள்ளி.

ஒரே நிபந்தனை, எஞ்சின் எண்ணெய். டர்போ காடிக்கு நல்ல எண்ணெய், குறித்த நேரத்தில். ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று தள்ளுகிற வீடாக இருந்தால் டர்போ வேண்டாம், சாதாரண 1.5 வாங்குங்கள். பழகியவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

ஹைப்ரிட் சிட்டியில் ஒரு இடத்தில் 98, இன்னொரு இடத்தில் 109 என்று போட்டிருக்கிறதே?

98 பிஎஸ் பெட்ரோல் எஞ்சினுடையது, 109 பிஎஸ் மின்மோட்டாருடையது. இரண்டையும் கூட்டி 207 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான், எஞ்சின் மின்சாரம் உண்டாக்கிக் கொடுக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது 253 நியூட்டன் மீட்டர். அது நின்ற இடத்திலிருந்தே கிடைக்கிறது. சாதாரண சிட்டியின் 121 பிஎஸ்ஸைவிட இந்த 109 ஏன் முந்துகிறது என்பதற்குப் பதில் அந்த எண்ணில் இருக்கிறது.

சிவிடி காடி மேட்டில் ஒரே சத்தமாக ஊளையிடுகிறது. எஞ்சின் கெட்டுவிடுமா?

கெடாது. எந்தச் சுற்றில் அதிக பலமோ அங்கே எஞ்சினை நிறுத்திவைத்துக்கொண்டு கியர் விகிதத்தை மட்டும் அது மாற்றிக்கொள்கிறது. பழகாத காதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கியர்பாக்ஸ் எண்ணெயை மட்டும் மறக்க வேண்டாம்.

பெசா 1.0 போதுமா, 1.3 வாங்கட்டுமா?

தம்பதிகள் இருவர், வேலை, பாசார், கோயில் என்றால் 1.0 போதும். அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஈப்போவும் கோலாலம்பூரும் போகிறவர் 1.3 வாங்குங்கள். 67 எச்பியும் 91 நியூட்டன் மீட்டரும் ஒரு பக்கம், 94-ம் 121-ம் இன்னொரு பக்கம். இது வியோஸின் மூன்று குதிரை மாதிரி இல்லை, லாரியை முந்தும்போது உங்கள் வயிற்றிலேயே தெரியும். வரியில் வருடத்துக்கு 50 வெள்ளிதான் வித்தியாசம்.

என் காடி முன்மாதிரி இழுக்கவில்லை. எஞ்சின் வயதாகிவிட்டதா? மாற்றிவிடலாமா?

மாற்றுவதற்கு முன் ஒருதடவை கொண்டுவாருங்கள். எஞ்சின் தேய்ந்து பலம் போவது கடைசியில்தான் நடக்கும். அதற்கு முன் பலத்தைத் தின்கிற சாமான்கள் நிறைய.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா ஒருவர் வந்தார். பத்து வருடத்துக் காடி, இழுக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது. வேறு ஒரு பட்டறையில் ‘எஞ்சின் போச்சு, விற்றுவிடுங்க’ என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கி, சக்கரம் ஒவ்வொன்றின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு. இடது முன்சக்கரம் அடுப்புப் பக்கத்தில் கை வைத்த மாதிரி. பிரேக் இறுகிப்போய் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, செம்மண் அப்பிய காற்று ஃபில்டரை மாற்றி, டயருக்குக் காற்று வைத்தோம், அவ்வளவுதான். அக்கா அந்தக் காடியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

தோட்டப் பாதையில் ஓடும் காடிக்குக் காற்று ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பிளக், இக்னிஷன் காயில், அடைபட்ட புகைக்குழாய் வடிகட்டி, இவையெல்லாம் பார்த்த பிறகுதான் எஞ்சின் மேல் பழி போட வேண்டும்.

ரோன்97 பெட்ரோல் போட்டால் குதிரை கூடுமா?

உங்கள் காடிப் புத்தகத்தில் ரோன்95 என்று போட்டிருந்தால் அதையே போடுங்கள். மிச்சக் காசுக்கு நல்ல எஞ்சின் எண்ணெய் வாங்கலாம்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு ஆளை வைத்துத் தட்டைச் சாலையில் எந்தக் காடியும் நன்றாகத்தான் ஓடும். ஏர்கோனை முழுசாக வைத்து, ஒரு மேடு கேளுங்கள். மேட்டின் நடுவில் வேகத்தைக் குறைத்து, மறுபடி மிதித்து, எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று பாருங்கள். பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் கேளுங்கள், காடி முக்குவது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏறுவது இருக்கட்டும், இறங்கும்போது எஞ்சின் பலம் எதற்கு?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காவிட்டாலும் சொல்லி அனுப்புவேன். எந்த 1,500 கிலோவை மேலே தூக்கினீர்களோ அதே 1,500 கிலோ கீழே தள்ளிக்கொண்டு வரும். பிரேக்கை மட்டும் நம்பி 60 கிலோமீட்டர் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அப்பா சொல்வார். ஓட்டோவில் எல் அல்லது எஸ், மேனுவலில் இரண்டு அல்லது மூன்று. ஹைப்ரிட் சிட்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பை இழுத்தால் மோட்டாரே பிடித்து வேகத்தைக் குறைக்கும். சாலையோரத்தில் குறைந்த கியர் போடச் சொல்லும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். முதல் பலகை வந்ததும் போட்டுவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு தேடாதீர்கள். கீழே வரும்போது ரப்பர் கருகிய வாசனை அடித்தால் ஒதுங்குமிடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கிளம்புங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.